அச்சுப் பக்கம் உள்ளே

என் தங்கை வீட்டுக்காரரைத் தொழிற்சாலையில் அளக்கிற ஸ்கேலை வைத்து எல்லோரும் ஸ்கேலார் என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டைப்பெட்டி மடிப்பது அவருடைய வேலை. மருந்துக் குப்பியோ, சோப்போ, பல்போ, எதை உள்ளே வைத்து விற்பதானாலும் அதன் பெட்டி முதலில் அவர் மேசைக்குத் தட்டையாக வந்து, மூலை பிசகாமல் எழுந்து போகும். அட்டையை முகர்ந்து பார்த்தே நாளைக்கு மழை உண்டா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை அவருக்குத் தும்மல் வந்தபோது அதையும் இரண்டாக மடித்து, விளிம்பு சேர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தும்மினார். நான் பக்கத்தில் இருந்தேன். மற்றவர்கள் கவனிக்கவில்லை என்றால் அது அவர்கள் குறை.

அவருக்கு எதிர்மேசை என் தங்கைக்கு. மடித்து வருவதைச் சோதித்து, சீட்டில் கட்டம் கட்டமாக எழுதி, கடைசியில் ‘சரி’ அல்லது ‘தள்ளுபடி’ என்று முத்திரை குத்துகிறவள் அவள். இரண்டு முத்திரைகளும் அவள் பையிலேயே இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சோதனை மேசை வீட்டுக்கும் வந்துவிட்டது. போர்வையைக் காயப்போட்டால்கூட நான்கு முனையும் சேர்கிறதா என்று பார்ப்பாள். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் பிள்ளை என்ன பாடுபடுவான் என்று நீங்கள் நினைக்கலாம். அவன் அந்தப் பாட்டைத்தான் பட்டான்.

ஏனென்றால் ஸ்கேலார் கையில் ஒரு வாக்கியம் இருந்தது. மகன் கணக்கில் தோற்றபோதும், குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தபோதும், அவன் கல்யாணத்துக்கு அவனே இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோதும் அதே வாக்கியம்தான் வந்தது.

“நான் மேசையில உக்காந்து இத்தனை வருஷம். என் கையிலேருந்து ஒரு டப்பா தப்பா போனதில்ல.”

இத்தனை என்ற இடத்தில் ஆண்டுக்கு ஒரு எண் கூடும், மற்றபடி மாற்றமில்லை. எண் முப்பத்து நான்கு ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் வந்தாள்.

கறுப்புச் சட்டை, முப்பது வயது இருக்கும். துணிப்பை ஒன்றைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தங்கை சமையலறையில் இருந்தாள். வந்தவள் தன்னைச் சொல்லிக்கொண்டாள்: காணாமல்போன ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்து மறுபதிப்புப் போடுகிற கம்பெனி. கம்பெனி என்றால் யார் யார் என்று கேட்டேன்.

“நானும் ஒரு மேசையும்மா.”

“மேசை யாரு பேர்ல?”

“வீட்டுக்காரர் பேர்ல.”

பிறகு பையிலிருந்து ஒரு ரெக்கார்டு உறையை எடுத்து மேசையில் வைத்தாள். வெறும் பழுப்பு அட்டை. எழுத்தும் கிடையாது, படமும் கிடையாது. ஸ்கேலார் அதைப் பார்த்தார். அப்புறம் சன்னலைப் பார்த்தார். சன்னலில் ஒன்றும் இல்லை.

முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் நான்கு இளவட்டங்கள் ஒரு கார் கொட்டகையில் கூடி அந்த ரெக்கார்டைப் போட்டார்களாம். அந்த இசைக்கு பங்க் என்று பெயர் சொன்னாள். எனக்கு விளங்கியவரை, மூன்று சுரம் மட்டும் தெரிந்தவர்கள் நான்காவதைத் தேடப் போகாமல் கோபித்துக்கொள்வது. குழுவுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதினால் அச்சகத்தில் என்னை மதிக்கமாட்டார்கள். போனில் கொஞ்சம் போட்டுக் காட்டினாள்.

ஸ்கேலார் கவனமாகக் கேட்டார். “எங்க பசை மெஷின்ல காத்து புகுந்தா இப்படித்தான் கத்தும்,” என்றார்.

“இரண்டாம் பக்கம் வேற மாதிரி சார். பதினேழு நிமிஷமும் ஒரு இரும்புப் பெட்டியைத் தரையில இழுக்கறாங்க. பரிசோதனை இசை.”

நான் வீடு மாறிய நாளில் நானும் அதை வாசித்திருக்கிறேன். யாரும் பதிவு செய்யவில்லை.

மொத்தம் முந்நூறு ரெக்கார்டு போட்டார்கள். விற்றது பதினொன்று. மூலநாடாவை எலி தின்றுவிட்டது. இப்போது இவள் ஆறு பேரிடம் ஆறு ரெக்கார்டை இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் கீறல் விழாத இடமாகப் பொறுக்கி ஒட்டி, முழுதாக ஒன்று தேற்றியிருக்கிறாள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்களாம். பாட்டுக்காகவா என்று கேட்டேன்.

“பாட்டுக்காகவும்தான். ஆனா பேர் வாங்கிக் கொடுத்தது இந்த உறைம்மா. அச்சடிச்ச பக்கம் உள்ளே இருக்கு. படம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பாக்கணும்னா உறையைக் கிழிக்கணும். கிழிச்ச உறையை யாரும் தொடமாட்டாங்க.”

ஆக, வைத்திருக்கிறவர்கள் பார்க்கவில்லை, பார்த்தவர்களிடம் உறை மிஞ்சவில்லை. ஒருவர் டார்ச் விளக்கும் பல் மருத்துவர் கண்ணாடியும் விட்டுப் பார்த்து, உள்ளே ஒரு ஷூ தெரிகிறது என்று அறிவித்திருக்கிறார். அந்த ஷூவைப் பற்றி இன்னொருவர் பன்னிரண்டு பக்கம் எழுதினாராம். யாருக்கும் காட்டாத அட்டைப்படம், வியாபார உலகத்தின் முகத்தில் விழுந்த அறை என்று.

“இதை மடிச்சது நீங்கதான்னு உங்க கம்பெனியில சொன்னாங்க. இப்படி மடிக்கச் சொன்னது யாரு சார்?” என்றாள் அந்தப் பெண். “பாடினவர் தன்னோட யோசனைன்னு சொல்றார். அவர் இப்ப ஓவியக் கல்லூரியில பேராசிரியர், இதைப் பத்திப் பாடமே எடுக்கறார். டிரம்ஸ் வாசிச்சவர் என்னடான்னா, பெட்டிக் கம்பெனியிலேருந்து அப்படித்தான் வந்துச்சுங்கறார். ரெக்கார்டோட ஒரு சின்னப் புத்தகம் வைக்கறோம். அதுல உங்க கையெழுத்தோட ஒரு வரி வேணும். அவ்வளவுதான்.”

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

“ஆர்டர் சீட்டு எப்படி வந்துச்சோ, அப்படித்தான் மடிச்சிருப்பேன்,” என்றார் ஸ்கேலார்.

“அப்போ பாடினவர் சொல்றது சரியா?”

“சீட்டைப் பாக்காம எப்படிம்மா சொல்றது?”

“சீட்டு இருக்கா சார்?”

“முப்பத்து நாலு வருஷம் ஆச்சே.”

இதில் எதுவும் பொய்யில்லை. உண்மையும் இல்லை. உண்மை என்னவென்றால், அந்த வாரம் முழுக்க அவர் கண் சொட்டுமருந்துப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். அதில் மருந்து விடும் முறையைப் பெட்டியின் உள்பக்கம் அச்சடித்திருப்பார்கள், அதனால் அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி மடிக்கவேண்டும். நாலாயிரம் பெட்டி முடித்த கையோடு இந்த முந்நூறு உறைத் தாளும் மேசைக்கு வந்தது. கை பழகிய வழியிலேயே போயிற்று. எல்லாவற்றையும் மடித்து, ஒட்டி, அனுப்பிய பிறகு மேசைக்கடியில் உபரித் தாள் ஒன்று படம் மேலே தெரியக் கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தப்பு புரிந்தது. வேலையில் சேர்ந்து அது மூன்றாவது மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த ஒரு மாதம் வாசலில் வண்டி வந்து நின்றபோதெல்லாம் முந்நூறும் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தார். திரும்பி வரவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் அந்த வாக்கியம் பிறந்தது. முதல் வருஷம் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பார்.

இப்போது ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அந்த வாக்கியம் போய்விடும். மகன் முகத்தில் எப்படி விழிப்பது? அதைவிட, சோதனை மேசைக்காரி முகத்தில்? அவள் முத்திரையும் அல்லவா அந்த முந்நூறின்மேல் விழுந்திருக்கிறது.

வந்தவள் இன்னொன்றும் கேட்டாள். புதிதாக ஐந்நூறு உறை வேண்டும், அதேபோல உள்ளே அச்சு. இந்த மடிப்பு எந்த மெஷினிலும் வரவில்லை, பளபளப்புப் பக்கம் பசையைப் பிடிக்கமாட்டேன் என்கிறது. கையால்தான் ஆகும்.

ஸ்கேலார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மடிச்சுத் தரேன். ஆனா ஆர்டர் சீட்டுல ‘அச்சுப் பக்கம் உள்ளே’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“அதான் வாயால சொல்றேனே சார்.”

“வாயை ஃபைல்ல வைக்க முடியாதும்மா.”

எழுதிக் கொடுத்தாள். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புத்தகத்துக்கான வரி? வேலை முடியட்டும், உறையோடு சேர்த்துத் தருகிறேன் என்றார்.

அடுத்த சனிக்கிழமை தாள்கள் வந்து இறங்கின. முன்னறையில் சோபாவை ஒதுக்கி, சாப்பாட்டு மேசையை நடுவில் போட்டு, ஒரு முனையில் அவரும் மறுமுனையில் தங்கையும் உட்கார்ந்தார்கள். பத்துப் பத்தாகக் கட்டுவது என் வேலை. மகன் பசை கலக்கினான், கலக்கியவிதம் சரியில்லை என்று திட்டும் வாங்கிக்கொண்டான்.

முதல் தாளைப் பிரித்தபோதுதான் படத்தைப் பார்த்தேன். டிரம்ஸ்காரர் தன்னிடம் இருந்த உறையை ஆவியில் காட்டிப் பிரிக்க அனுமதித்திருந்தார், அதிலிருந்து எடுத்தது. உலகமே டார்ச் அடித்துத் தேடிய படம். ஒரு ஸ்டூடியோ. பின்னால் திரையில் வரைந்த அருவி. முன்னால் ஒரு பூச்சாடி. நான்கு பையன்கள், இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, நடு வகிடு. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார்கள். நான்கு பேரும் பல் தெரியச் சிரித்தார்கள். பாடகரின் கழுத்தில் வில் முடிச்சு டை.

“இவங்களா அப்படிக் கத்தினாங்க?” என்றேன்.

“பாடகரோட அம்மாதான் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம், டிரம்ஸ்காரர் சொன்னாராம்,” என்றான் மகன். “ரெக்கார்டுக்கு அவங்கதான் பணம் குடுத்தாங்களாம். படத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன்னு சொல்லிட்டாங்களாம்.”

தங்கை படத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். “ஷூ சுத்தமா இருக்கு,” என்றாள்.

ஸ்கேலார் மடிக்க ஆரம்பித்தார். தாளைப் படம் மேலே தெரிய வைப்பார், நடுவில் மடிப்பார், வழவழப்பான மரத்துண்டால் மடிப்பை ஒரே இழுப்பு இழுப்பார், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில் பசை தொட்டு அழுத்துவார். நான்கு சிரிப்பும் உள்ளே போய்விடும். அவர் வேகத்துக்கு அறையில் காற்றே அடித்தது, நாள்காட்டி இரண்டு மாதம் முன்னால் போயிற்று.

மதியம் முந்நூறைத் தாண்டியபோது வாசல் மணி அடித்தது. பாடகர். நரைத்த முடியைக் குடுமியாகக் கட்டியிருந்தார், கறுப்புக் கண்ணாடி, விலை உயர்ந்த கிழிசல் கால்சட்டை. உள்ளே வந்தவர் மேசையில் பரப்பியிருந்த தன் சிரிப்பைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அண்ணே, ஞாபகம் இருக்கா?”

“இல்ல தம்பி. உங்க படத்தைக் காலையிலேருந்து பாக்கறேன், அந்த ஞாபகம்தான்.”

பாடகர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “அன்னிக்கு உறை வந்தப்போ நாங்க நாலு பேரும் கொட்டகையில உக்காந்து அழுதோம்ணே. சந்தோஷத்துல. அம்மா படமும் போட்ட மாதிரி ஆச்சு, யாரும் பாக்கவும் இல்ல. அம்மாகிட்ட இதுதான் புது ஃபேஷன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒரு பத்திரிகைக்காரன் கேட்டான், இது யார் யோசனைன்னு. என்னுதுன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான், அப்படியே வளந்துடுச்சு. முப்பது வருஷமா பாடம் எடுக்கறேன்.”

“பாடத்துக்குப் பேர் என்ன?” என்றாள் தங்கை.

“மறுப்பின் அழகியல்.”

“பரீட்சை உண்டா?”

“உண்டு.”

“பாவம் பிள்ளைங்க.”

பாடகர் ஸ்கேலார் பக்கம் குனிந்தார். “அண்ணே, நான் உங்களுக்குப் போன் பண்ணி உள்ளே மடிக்கச் சொன்னேன்னு ஒரு வரி எழுதிடுங்க. உங்களுக்கும் தப்பு இல்ல, எனக்கும் தப்பு இல்ல. யாருக்கு நஷ்டம்?”

ஸ்கேலாரின் கை மடித்துக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. வாக்கியம் பிழைக்கும், முத்திரை பிழைக்கும், பாடம் பிழைக்கும். பாடகர் ஒரு காபி குடித்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மேசையின் மறுமுனையில் முத்திரைச் சத்தம் நின்றது.

“இது தள்ளுபடி,” என்றாள் தங்கை.

முப்பத்து நான்கு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் அவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. மகன் பசைக் குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். அவள் கையில் ஓர் உறை. மூலை சரி, விளிம்பு சரி, பசை சரி. நான்கு பையன்களும் உறைக்கு வெளியே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஸ்கேலார் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த ஆர்டர் சீட்டை எடுத்துப் பிரித்துப் படித்தார். அச்சுப் பக்கம் உள்ளே. சந்தேகமில்லை.

“படம் வெளியே வரணும்னுதானேப்பா உலக வழக்கம்,” என்றான் மகன், உதவி செய்வதாக நினைத்து.

“உலகம் ஆர்டர் குடுக்கல. நீ சும்மா இரு.”

தங்கை தன் சோதனைச் சீட்டில் எழுதினாள். கட்டம் மூன்று, அச்சுப் பக்கம், தவறு.

ஸ்கேலார் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கள் யாரையும் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். “அந்தக் காலத்துல இந்தக் கட்டம் உன் சீட்டுல இல்ல. இருந்திருந்தா அந்த முந்நூறும் அன்னிக்கே மாட்டியிருக்கும். ஆர்டர்ல ஒண்ணும் சொல்லல. நான்தான் மாத்தி மடிச்சேன்.”

“இருந்துச்சு,” என்றாள் தங்கை.

“எது?”

“கட்டம் மூணு. அப்பவும் இருந்துச்சு. நான் சரின்னு போட்டேன்.”

“பாக்காமயா?”

“பாத்துத்தான். முதல் உறையிலயே தெரிஞ்சுடுச்சு.”

“அப்புறம் ஏன்?”

“உங்களுக்கு அப்போ தற்காலிக வேலை. முந்நூறு தப்புன்னு எழுதினா மறுநாள் எதிர்மேசையில வேற ஆள் உக்காந்திருப்பார். அந்த ஆள் மூஞ்சியை நான் தினமும் பாக்கணும்.”

“அப்ப நமக்குள்ள ஒரு பேச்சுகூட இல்லையே.”

“பேசினா வேலை கெடும்.”

ஸ்கேலார் அந்த உறையின் விளிம்பைத் தடவினார். “அப்போ ஒரு டப்பாகூட தப்பா போனதில்லன்னு நான் சொல்றப்பல்லாம் நீ…”

“சிரிக்காம இருந்தேன். அதுக்கு மேல என்ன பண்ணணும்?”

நான் கையிலிருந்த கட்டை மூன்று தடவை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தது.

மாலைக்குள் ஐந்நூறும் முடிந்தது. தள்ளுபடியானதற்குப் பதிலாக உபரித் தாளில் ஒன்று மடித்துச் சேர்த்தார். பிறகு கையைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, விளிம்பிலிருந்து சரியாக ஒரு விரல் விட்டு எழுதினார்.

‘முந்நூறும் தவறு. யாரும் அப்படி மடிக்கச் சொல்லவில்லை. மடித்தது நான்.’

தங்கை பேனாவை வாங்கிக் கீழே எழுதினாள்: ‘பார்த்தும் விட்டது நான்.’ எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில், பக்கத்தில் ‘சரி’ என்று முத்திரையும் குத்திவிட்டாள்.

புத்தகத்தில் அதை அப்படியே, முத்திரையோடு, முழுப் பக்கமாகப் போட்டார்கள். ரெக்கார்டு வந்த வாரத்திலேயே ஐந்நூறும் போய்விட்டது. பாடகர் வேலை போய்விடும் என்று ஸ்கேலாருக்கு இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் அந்தப் பெண் விமர்சனங்களை அனுப்பிவைத்தாள். மகன் வாசித்துக் காட்டினான். குழுவின் கிண்டல் முப்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகும் மங்கவில்லையாம். ஒரு மடிப்புக்காரரையும் ஒரு சோதனைக்காரியையும் கற்பனையாகப் படைத்து, அவர்களைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைத்து, அதன்மேல் ‘சரி’ என்று முத்திரையும் குத்தியது மேதைமையாம். கேட்டால் பாடகர் பதில் சொல்வதில்லையாம், புன்னகை மட்டும் செய்கிறாராம். அந்தப் புன்னகை எதுவென்று எங்களுக்குத் தெரியும். அருவிக்கு முன்னால் சிரித்ததுதான்.

“அப்போ நான் இல்லைங்கறானா?” என்றார் ஸ்கேலார்.

“இருக்கீங்க. சாப்பிட வாங்க,” என்றாள் தங்கை.

தள்ளுபடியான உறை அவர்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கிறது. படம் முழுதாகத் தெரிகிற ஒரே உறை அதுதான். சமைக்கும்போது நான்கு பேர் உற்றுப் பார்ப்பது பிடிக்கவில்லை என்று தங்கை அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.

இனி அந்த வாக்கியத்திலிருந்து விடுதலை என்று மகன் நம்பியிருந்தான். போன வாரம் அவன் கை தவறி ஒரு கண்ணாடிக் கோப்பை விழுந்து உடைந்தது. பழக்கத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். ஸ்கேலார் செய்தித்தாளை மடித்து, விளிம்பைச் சேர்த்து, மேசையில் வைத்தார்.

“முப்பத்து நாலு வருஷத்துல ஒரே ஒரு தப்பு,” என்றார். “அதையும் உலகமே தேடி வாங்குது. உன் தப்பை எவனாவது மறுபதிப்புப் போடுவானா?”

மகன் துடைப்பத்தை எடுக்கப் போனான்.